நட்ட ஈட்டுத் திணையியல்

பாயிரம்: சிகிச்சையில் காயம்பட்டோர் ஈடு கேட்டுப் போகும் வழிகளை வகுத்துரைப்பது இந்நூல். அவை ஏழு. ஏழுக்கும் முதற்பொருள் கேஸ் ஷீட். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சிலின் விதி. ‘ரெக்கார்டு செக்ஷன் ஆள் லீவு, திங்கட்கிழமை வாங்க’ என்பது வழக்கு. இரண்டும் முரணும் இடத்தில் வழக்கே வலியது என்ப.

குறிஞ்சி: உரிப்பொருள் புணர்தல், அதாவது சமரசம். நிலம் நிர்வாக அலுவலர் அறை, பொழுது யாமம். கருப்பொருள்: பில் தள்ளுபடி, வட்டச் செயலாளர், ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்’ என்று எழுதிய தாள், வாசலில் இன்ஜினை அணைக்காத ஆம்புலன்ஸ்.

முல்லை: உரிப்பொருள் இருத்தல். நிலம் நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் புகுதல் வேண்டும். எந்த ஆணையம் என்பது இழந்ததைக் கொண்டு அன்று, ஆஸ்பத்திரியில் கட்டியதைக் கொண்டே அமையும்: 50 லட்சம் வரை மாவட்டம், 2 கோடி வரை மாநிலம், அதற்கு மேல் தேசியம். ஆகவே 40,000 ரூபாய் கட்டிக் காலை இழந்தவர் மாவட்டத்தில்தான் நிற்பார். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே ‘மாதம்’ ஆகுபெயர். காட்டு: 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29-ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரைச் சோதனை கட்டாயம். பெற்றோரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை, பார்வை போயிற்று. 2009-ல் தேசிய ஆணையம் 5 லட்சம் கொடுத்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம், பணவீக்கத்தையும் கூட்டிக் கணக்கிட்டு, அதைச் சுமார் 1.8 கோடி ஆக்கியது.

மருதம்: உரிப்பொருள் ஊடல். நிலம் மருத்துவக் கவுன்சில். விசாரிப்பவரும் மருத்துவர், விசாரிக்கப்படுபவரும் மருத்துவர். ஊடல் முற்றினால் பதிவேட்டிலிருந்து பெயர் சில காலம் நீங்கும், பின் கூடும். நோயாளிக்குப் பைசா கிடையாது.

நெய்தல்: உரிப்பொருள் இரங்கல். நிலம் தர்ம ஆஸ்பத்திரி. எல்லார்க்கும் இலவசமாகப் பார்க்கும் இடத்தில் நோயாளி ‘நுகர்வோர்’ ஆகார் என்றது 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இவர்க்கு சிவில் வழக்கோ உயர் நீதிமன்ற ரிட் மனுவோதான் கதி. காசு கொடாதான் வக்கீலுக்குக் கொடுப்பான் என்பது இதன் கருத்து.

பாலை: உரிப்பொருள் பிரிதல். நிலம் காவல் நிலையம், பொழுது நண்பகல். 2005-ல் வந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி சாதாரணப் பிழை போதாது, மிகக் கொடிய அலட்சியம் வேண்டும். அப்படி என்று வேறொரு மருத்துவரும் சொல்ல வேண்டும். இத்திணையின் கருப்பொருள் சிறை, ஈடு அன்று.

கைக்கிளை: நிர்வாகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலும், ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானாக வரும் பதிலும்.

பெருந்திணை: கண்ணாடி உடைத்தல். 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இதற்குச் சிறை வைத்திருக்கிறது.

புறனடை: ஏழும் ‘பிழை யாருடையது?’ என்பதையே சுற்றும். காயம்பட்டவர் இனி எப்படிப் பிழைப்பார் என்பது கடைசிப் பக்கத்தில், தொகை எழுதும்போதுதான் வரும். புறநாட்டார் நூல்கள் வேறு. 1975 முதல் சுவீடனின் நோயாளர் காப்பீடு, யார் குற்றவாளி என்று தேடாமல், காயம் தவிர்க்கக்கூடியதா என்றே பார்க்கிறது. நியூசிலாந்தோ 2005-லிருந்து சிகிச்சைக் காயத்துக்கு மருத்துவர் பிழையைக் கேட்பதே இல்லை. நம் நூலிலும் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: அரசுத் திட்டத்தில் செய்த கருத்தடை அறுவை தோற்றால், யார் பிழை என்று நிறுவாமலே வரையறுத்த தொகை கிடைக்கும். எனவே, வேண்டாமலே பிறந்த குழந்தைக்கு ஈடு உடனே உண்டு. கண் போன குழந்தை மேஜராகும் வரை முல்லையில் இருக்கும்.