போன் தடைக்காலம்: கடலூர் – சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது வழக்கமான செய்தி. ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று ஏறிக்கொண்டே போகும். பத்தாம் எண் என்றால் பெரும் அபாயம். கடும்புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கப் போகிறது என்று பொருள். இதோடு வரிசை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினோராம் எண் ஒன்று இருக்கிறது. வானிலை எச்சரிக்கை மையத்தோடு இருந்த தகவல் தொடர்பே அற்றுப்போய்விட்டது என்பதை அறிவிப்பது அது. புயல் தலைமேல் வந்து நின்றால் பத்து. தொடர்பு போனால் பதினொன்று. வைஃபை போனதும் நம் வீட்டுப் பிள்ளைகள் எழுப்பும் ஓலத்தை இனி எவரும் மிகை என்று தள்ள முடியாது. துறைமுக நெறிமுறையிலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது. (வானிலைத் துறையினர் இந்த வரிசைக்கு வேறு காரணம் சொல்வார்கள். ஆய்வாளன் அதற்கெல்லாம் அஞ்சக் கூடாது.)

ஈண்டு ஆராயப் புகுவது, போனைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தல் என்னும் வினை. தன்னையும் பிறரையும் மறுபடி கண்டுகொள்ள இதுவே வழி என்று இப்போது ஊரெங்கும் சொல்கிறார்கள். சொல்வதையும் போனில்தான் சொல்கிறார்கள் என்பது வேறு. வைத்தல் என்றால் என்ன? கையை விட்டு ஒரு சாண் தள்ளி, முகம் கவிழ்ந்து, ஒரு கால் மணி நேரமாவது தொடப்படாமல் கிடத்தல். இது மூவகைப்படும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று ரசம் பிசைந்தபடியே பார்ப்பது, வைத்ததுபோல் வைத்தல். தேர்வுக் கூடம், நீதிமன்றம், ஸ்கேன் எடுக்கும் அறை இங்கெல்லாம் நிகழ்வது, பிறர் வைக்க வைத்தல். மூன்றாவது, தானே வைத்தல். இதற்கு ஆசிரியர்கள் இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள், எடுத்துக்காட்டு தரவில்லை.

அற்றேல், எடுத்துக்காட்டைத் தேட எந்த எல்லைக்குள் போவது? எல்லை வகுப்பதில் கடலூருக்கு முன்னூறு ஆண்டுப் பழக்கம் உண்டு. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையோடு நிலம் எவ்வளவு என்ற கேள்வி எழுந்தது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுடுவது, குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்கு என்று ஏற்பாடு. சென்னையில் அப்போது கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். திசைக்கொரு குண்டாகச் சுட்டார்கள். அந்த வட்டத்துக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் குண்டு சாலை என்றால் கொண்டுபோய் விடுவார். ஓர் இடத்தில் நின்று எதையோ வீசி, அது எட்டும் தூரமெல்லாம் என் வாடிக்கை என்னும் முறையைச் செல்போன் கோபுரக்காரர்கள் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு. குண்டு விழுந்த ஊர்க்காரனுக்குத் தான் பிடிபட்டுவிட்டது அன்றைக்கே தெரிந்தது.

களஆய்வு கடலூர் – சிதம்பரம் பேருந்தில் நடந்தது. நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், வலப்பக்கம் ஜன்னலோரம். முன் இருக்கையில் ஓர் இளைஞர்; கடலூரில் ஏறும்போது கவிழ்ந்த தலை ஆலப்பாக்கம் வரை நிமிரவில்லை. நடத்துனர் சில்லறை கேட்டபோதும் கை மட்டும்தான் நீண்டது. ஒரு வீடியோ முடியும்முன் அடுத்ததற்குத் தள்ளிவிடும் அந்தக் கட்டைவிரல், வயலில் நாற்று நடும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தலை நிமிர்ந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் முதன்முதலாக வாய் திறந்தார்.

"பவர் பேங்க் எதாச்சும் இருக்குங்களாம்மா?"

"எனக்கு எதுக்குப்பா அதெல்லாம். அவிச்ச மல்லாட்ட இருக்கு, துன்றியா?"

வேர்க்கடலையை வாங்கிக்கொண்டார். தோலை உரித்தபடி அம்மாள் அடுத்த கேள்வியைப் போட்டார்: "நீ யாரு வூட்டுப் புள்ள?" இந்தக் கேள்வி ஒரு தேடுபொறி. ஊர், தெரு, அப்பா பெயர், அம்மா பிறந்த ஊர் என்று நாலு சொல்லில் இலக்கைத் தொட்டுவிடும். பி.முட்லூர் வருவதற்குள் அம்மாள் அவருக்குச் சித்தி முறை ஆகிவிட்டார். சிதம்பரத்தில் இறங்கும்போது, "அம்மாவ நான் கேட்டன்னு சொல்லு" என்றார். இளைஞர் சொல்லியிருப்பார், சார்ஜ் போட்ட பிறகு. இவ்வகையை மேற்சொன்ன மூன்றில் எதிலும் அடக்க முடியாது. தீர்ந்து வைத்தல் என நான்காவதாகக் கொள்க.

சிதம்பரத்தில் ஆய்வு வேறு தளத்துக்குப் போகிறது. நடராசர் கோயில் சிற்சபையில் ஒரு திரை தொங்கும். அதை விலக்கித் தீபம் காட்டினால் உள்ளே உருவம் எதுவும் இல்லை. தங்க வில்வ இலை மாலைகள் தொங்கும், அவ்வளவுதான். ஆகாயத் தலம் என்பதால் வெட்டவெளியே அங்கே வழிபாட்டுக்கு உரியது. ரகசியம் என்று ஊரெல்லாம் சொல்வது இதைத்தான். விலகும் அந்த நொடியில் வரிசையில் நிற்பவரின் வலது கையைக் கவனித்தால் ஆய்வாளருக்குப் பெரும் பயன் உண்டு. கை தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குப் போகும். எதைப் படம் எடுக்க? ஒன்றுமில்லாததை. பாதி வழியில் நினைவு வந்து கை திரும்பிக் கும்பிடும். அந்தப் பாதி வழிதான் இந்தத் துறையின் முழு ஆய்வுப் புலமும் என்பது என் துணிபு.

கோயிலில் போன் வேண்டாம் என்று நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. திருச்செந்தூர் முருகன் கோயில் தொடர்பாக வந்த வழக்கில், 2022 டிசம்பர் 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க இந்து சமய அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. போனை வாங்கிவைக்க வாசலில் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்றது. இது பிறர் வைக்க வைத்தலின் தெளிவான வடிவம். ஒரு குறை: சாமி பார்த்து வெளியே வருபவர்களில் பிராகாரத்தில் உட்கார்ந்து வருபவர்களைவிட டோக்கனைக் கையில் பிடித்தபடி வேகமாக நடப்பவர்களே அதிகம். தரிசனத்துக்கு நின்ற வரிசையில் பொறுமையாக இருந்தவர்கள் போன் வாங்கும் வரிசையில் தள்ளுமுள்ளு செய்கிறார்கள்.

புயலையும் இந்த ஆய்வில் சேர்க்க வேண்டும் என்பார் சிலர். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது ஊரே திண்ணையில் உட்கார்ந்து பேசியது, அதுவல்லவா மனித உறவு என்று இப்போது சிலர் நெகிழ்கிறார்கள். இதை ஏற்பதற்கில்லை. உயிரும் மரமும் போன இடத்தில் உறவைக் கணக்கெடுப்பது ஆய்வு அறம் ஆகாது. அப்படியே எடுத்தாலும், அந்த வாரங்களில் ஜெனரேட்டர் வைத்திருந்தவரே ஊர்ப் பெரிய மனிதர். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றவும் போனுக்கு உயிர் ஏற்றவும் அவர் வாசலில்தான் கூட்டம். பட்டினி கிடந்தவனை விரதம் இருந்தான் என்று சொல்லக் கூடாது.

தானே வைத்தலுக்கு எடுத்துக்காட்டு கடைசியில் கடலூர் ஓ.டி. என்னும் பழைய நகரில், துறைமுகத்தில் கிடைத்தது. ஆனால் அங்கே வைத்திருந்தது போனை அல்ல, படகை.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தமிழகத்தில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாளாயிற்று. மீன் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகும் இழுவை வலையும் கடலுக்குப் போகக் கூடாது. கட்டுமரத்துக்கும் நாட்டுப் படகுக்கும் தடை இல்லை. அவை கரையோரமாய்ப் போய்வரும். குடும்பங்களுக்கு அரசு தடைக்கால நிவாரணம் கொடுக்கிறது. இந்த விதிகளில் மீன் என்ற இடத்தில் மனம் என்றும், விசைப்படகு என்ற இடத்தில் ஸ்மார்ட்போன் என்றும், நாட்டுப் படகு என்ற இடத்தில் பட்டன் போன் என்றும் போட்டு வாசித்தால் முழுச் சட்டமும் தயார். வேறு ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம்.

நான் போனபோது கரையேற்றிய படகின் நிழலில் ஒருவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையின் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்து, நூல் சுற்றிய ஊசியைக் கண்ணுக்குள் விட்டு, முடிச்சை நகத்தால் தள்ளி இறுக்கினார். அறுந்த இடத்துக்கு வந்ததும் சுற்றியிருந்த நைந்த கண்களையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார். பக்கத்தில் இன்னொருவர் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். வேறொரு படகில் பெயிண்ட் காயவில்லை. என் கருதுகோளை வலைக்காரரிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டே நாலு முடிச்சு போட்டார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நான் ஒருத்தன் மட்டும் போட்ட நிறுத்தனா மீனு வளருமா? பக்கத்துப் போட்டுக்காரன் அள்ளிக்கினு பூடுவான். எல்லாரும் ஒரே நாளு நிறுத்தறதாலதான் நிக்குது. அதுவும் நிறுத்திட்டுச் சும்மா குந்திக்கினு இருந்தா புத்தி கெட்டுப் பூடும். அதான் வலைய எடுத்துக்கினு உக்காந்துட்டோம்."

முனைவர் பட்டத்துக்கு உரிய கூற்று. போனை வைப்பது பற்றி எழுதுகிற எவரும் அதைத் தனிமனித ஒழுக்கமாகவே எழுதுகிறார்கள். அதிகாலையில் எழு, அறிவிப்புகளை அணை, மலைப்பக்கம் போ என்பார்கள். தனியாக வைத்தவர் என்ன ஆகிறார்? குடும்ப குரூப்பில் கல்யாணத் தேதி மாறியது தெரியாமல் முந்தின நாளே மண்டபத்தில் போய் நிற்கிறார். தொடர்பு என்பது இருவர் வேலை. ஒருவர் மட்டும் நிறுத்தினால் அது விடுமுறை ஆகாது, விலக்கி வைத்தல்தான் ஆகும். மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்காவ் என்ற ஊர்க்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 2022 ஆகஸ்ட் 15 முதல் அங்கே மாலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும். போனும் டிவியும் அணையும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். எட்டரைக்கு மறுபடி ஊதினால் தடை நீங்கும். ஒரே நேரம், ஊர் முழுக்க, கையில் வேறு வேலை. வலைக்காரர் சொன்ன மூன்றும் அதில் இருக்கின்றன.

இனி இதை நம் வட்டாரத்துக்குப் பொருத்துவது. முதலில் 61 நாள் தடைக்காலத்தையே முன்மொழிந்தேன். சித்திரையில் ஐபிஎல்லும் பிளஸ் டூ ரிசல்ட்டும் இருக்கின்றன என்றார்கள். வைகாசியில் கவுன்சலிங்குக்கு விண்ணப்பம், எல்லாமே ஆன்லைன். ஆனியில் திருமஞ்சனம், நேரலை பார்க்க வேண்டும். ஆடியில் தள்ளுபடி. ஆவணிக்கும் புரட்டாசிக்கும் ஏதோ ஒன்று சொன்னார்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை கூண்டு எண் தெரிய வேண்டும். தையில் வடலூர் ஜோதி தரிசனத்துக்கு மைத்துனர் குடும்பம் வருகிறது, எந்த பஸ் என்று கேட்க வேண்டும். மீதி மாசியும் பங்குனியும். மார்ச்சில் கணக்கு முடிப்பு.

ஆகவே சாங்லி முறையில், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்று சுருக்கினேன். அதற்கும் விதிவிலக்குகள் தேவைப்பட்டன. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் செயலியில் படம் எடுத்து வருகைப்பதிவு கட்டாயம் ஆனது. அது பகல் வேலை என்றாலும், படம் ஏறாவிட்டால் சாயங்காலமும் பின்தொடரும் என்று பணித்தளப் பொறுப்பாளர் ஒருவர் மனு கொடுத்தார். விதிவிலக்கு ஒன்று. மீன் மார்க்கெட்டில் மத்தி வாங்கினால்கூட ஸ்கேன் செய்துதான் காசு, விதிவிலக்கு இரண்டு. ஓடிபி, மூன்று.

பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டில் இந்தத் திட்டத்தை விளக்கியபோது அந்த வீட்டம்மாள் முழுதும் கேட்டுவிட்டு, "ஏழு மணியா? அந்த நேரத்துக்குத்தான் என் புள்ள துபாய்லேர்ந்து பேசும்" என்றார். அங்கே அப்போது ஐந்தரை, வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் நேரம். எட்டரைக்குப் பேசச் சொல்லலாமே என்றேன்.

"எட்டரைக்கா? அங்க ஏழு மணி ஆயிடும்ல. அது அப்ப சோறாக்கணும். ஒரே அடுப்பு, எட்டு பேரு. அதோட மொற போனா ராத்திரி பட்டினிதான். நீங்க சொல்ற மத்தவங்களோட பேசுறதுன்னா எனக்கு அது ஒண்ணுதான் தம்பி. ஏழு மணிக்குப் போன கீழ வச்சிட்டு நான் யாருகிட்ட பேசுறது?"

கட்டுரையாளரிடம் இதற்கு மேற்கோள் ஏதும் இல்லை. வளைகுடா நாடுகள் நான்காம் விதிவிலக்காகச் சேர்க்கப்பட்டன. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சிங்கப்பூர் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.