காலண்டர் மாட்டிய சுவர்

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் பார்க்கிறார்கள். ஹவுஸ் ஓனருக்கு அதைவிட உகந்த காலம் கிடையாது. சுவரெல்லாம் காய்ந்து கணீரென்று இருக்கும். புது டிஸ்டெம்பர் மணக்கும். படுக்கையறை மேல்மூலையில் மட்டும், எவரும் தேதி பார்க்க முடியாத உயரத்தில், ஒரு முருகன் காலண்டர் தொங்கும். "அதை மட்டும் கழட்டாதீங்க சார், ராசியான காலண்டர்" என்பார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் முருகன் உப்பத் தொடங்குவார். அவருக்குப் பின்னாலிருந்து கறுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். கார்த்திகைக்குள் அவை பீரோ வரை இறங்கிவிடும். கல்யாணப் பட்டுப்புடவையில் பூஞ்சை வாசம்.

கூப்பிட்டால் ஓனர் உடனே வருவார். அதில் குறை சொல்ல முடியாது. வந்தவர் சுவரைப் பார்க்க மாட்டார். மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்: கொடியில் ஈரத்துணி, சாத்திய ஜன்னல், சுவரோடு ஒட்டிய பீரோ, அடுப்பில் குக்கர்.

"ஒரு நாளைக்கு எத்தனை விசில் விடுவீங்கம்மா?"

"அஞ்சாறு இருக்கும் சார்."

"அதான்! முன்னே இருந்தவங்க பதினோரு வருஷம் இருந்தாங்க. ஒரு புள்ளி கிடையாது." (காலண்டரை மாட்டியதே அவர்கள்தான் என்பது எதிர்வீட்டுப் பாட்டி தந்த தகவல்.)

ஓனர் சொல்வது முழுப்பொய் அல்ல என்பதுதான் சங்கடம். துணியை உள்ளே உலர்த்தி, ஜன்னலைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல் சமைத்தால் ஆவி குளிர்ந்த சுவரில் படிந்து வியர்க்கும். பூஞ்சைக்கு அது போதும். அது குடியிருப்பவர் கணக்கு. ஆனால் சாம்பார் ஆவி மழை பெய்த மறுநாள் மட்டும், மேல்மூலையில் மட்டும், பழுப்பு விளிம்பு கட்டிக்கொண்டு இறங்காது. அது மொட்டைமாடித் தட்டோட்டு விரிசலின் கைவரிசை.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இந்தச் சண்டைக்கென்றே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, தேவைப்பட்டால் குழாய் மாற்றுவது ஓனர் பாடு. குழாய் வாஷர், வடிகால் சுத்தம், சுவிட்ச், பூட்டு எல்லாம் குடியிருப்பவர் பாடு. குடியிருப்பவரே இழுத்துவிட்ட சேதமென்றால் கட்டுமானப் பழுதும் அவர் தலையில் விழும். குக்கர் விசிலை ஓனர் எண்ணுவது இந்தக் கடைசி வரிக்காகத்தான்.

கடைசியில் மனமிரங்கி ஒரு பெயின்டரை அனுப்புவார். ஈரச்சுவர் மேலேயே ஒரு கோட், அரைநாள் கூலி. தை பிறப்பதற்குள் பெயின்ட் கொப்புளித்து உரியும். மாடிக்கு யாரும் ஏறுவதில்லை. சாவி ஓனரிடம்.

ஜூலையில் மும்பையிலிருந்து ஓனரின் மகள் வீடியோ காலில் வருவாள். அங்கே அவள் வாடகைக்கு இருக்கிறாள். சுவரில் அதே கறுப்புப் புள்ளிகள். எத்தனை விசில் என்று ஓனர் கேட்பதில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொள்வார்.

"எழுதிக்கோம்மா. மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999. 14-ஆவது பிரிவு. வீட்டைப் பழுதில்லாம வச்சிருக்கிறது ஓனரோட பொறுப்பு. முதல்ல அந்த ஆளை மாடியில ஏறிப் பார்க்கச் சொல்லு!"