சீவிய உரித்து

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் ஒழுங்கைக்கு ஒரு மாமியாவது இருப்பா. விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவிலுள்ள வாசற்படிதான் அவவின் இருப்பிடம். விறாந்தையில் மருமகன், குசினியில் மகள். ஒருவர் கதை மற்றவரிடம் போவதென்றால் மாமியைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போது தீர்வையும் விழும்.

"கறியிலை இண்டைக்கு உப்புக் கொஞ்சம் கூடப்போலை" என்று மருமகன் சொன்னது குசினிக்குள் போய், "உன்ரை சமையல் அந்தாளுக்குப் பிடிக்கேல்லையாம் பிள்ளை" என்று இறங்கும். "நாளைக்குப் பாத்துப் போடுறன்" என்று மகள் சொன்னது திரும்பி வரும்போது, "விடுங்கோ தம்பி, அவளோடை இப்ப கதைக்கேலாது." இரு தரப்புக்கும் ஆறுதல் சொல்வதும் மாமியே.

தமிழ்நாட்டுச் சினிமாவில் இந்த வேலை மாப்பிள்ளையின் தாய்க்கு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். பெண்ணுக்குச் சீதனம் போகும் வழக்கத்தை ஒல்லாந்தர் 1707இல் தேசவழமைச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். மனைவி தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டுமென்று 1911இல் வெள்ளைக்காரரின் சட்டம் ஒன்று வந்தது. மாமி ஒல்லாந்தரையும் வெள்ளைக்காரரையும் வென்றவ. நொத்தாரிசு உறுதி எழுதும்போதே தான் சாகும்வரை அங்கே இருக்கச் சீவிய உரித்து வைத்துத்தான் வீட்டைக் கொடுத்தா. கலியாணத்துக்கும் அந்த உறுதி செல்லும் என்பது அவவின் வியாக்கியானம்.

ஆனால் மாமியை மட்டும் பேசுவது அநியாயம். அவவை வேலையில் வைத்திருப்பவர்கள் இவர்கள் இருவரும்தான். மருமகன் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டும் வாத்தியார். மனைவியிடம் "எனக்குக் கோவம்" என்று சொல்ல நா எழாது. மகளோ வீட்டில் மூத்தவள். தகப்பனின் கோபத்தைத் தாய்க்கும் தாயின் கண்ணீரைத் தகப்பனுக்கும் காவிக்காவி வளர்ந்தவள். நேரே கதைக்கும் வீட்டை அவள் கண்டதேயில்லை. இருவருக்கிடையில் பதற்றம் ஏறினால் மூன்றாம் ஆளை இழுத்துத்தான் சமாளிப்பார்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன் சொன்னார். முக்கோணம் என்று பெயரும் வைத்தார். கரவெட்டியில் இழுக்கும் சிரமம் இல்லை. மூன்றாம் ஆள் முன்னமே கதிரை போட்டிருக்கிறா.

இந்த மாமி போன வருடம் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மகனிடம் போனா. வீடு ஊமையாயிற்று. இருவரும் ஆளுக்கொரு மூலையிலிருந்து வைபரில் எடுத்தார்கள்; மாமிக்கு நேரமில்லை. அங்கேயும் மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில் வேலை கிடைத்துவிட்டது.

வேறு வழியின்றி எட்டு வயதுப் பிள்ளையைப் பிடித்தார்கள். "அப்பாட்டைக் கேள், தேத்தண்ணி வேணுமோ எண்டு." "அம்மாட்டைச் சொல்லு, பிறகு எண்டு." பிள்ளை கெட்டிக்காரி, கெதியில் தொழில் பழகிவிட்டாள். ஒரு பின்னேரம் நெல்லியடிச் சந்தியில் தகப்பனின் கையைப் பிடித்திழுத்துக் கூல்பாரைக் காட்டினாள்.

"அப்பா, எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தரட்டாம் எண்டு அம்மா சொன்னவ."

"எப்ப சொன்னவ?"

"உங்களோடை கோவமாம். அதாலைதான் என்னட்டைச் சொன்னவ."

வாத்தியார் வாங்கிக் கொடுத்தார். மெய்யோ பொய்யோ என்று விசாரிப்பதென்றால் மனைவியோடு கதைக்கவேண்டுமே.