சாட்சி வேண்டாம், கைநாட்டு போதும்

மே மாதம் பிறந்தால் கீழ்பென்னாத்தூர்க்காரர்களான நமக்கும் ஈழம் ஞாபகம் வரும். ஃப்ளெக்ஸில் தலைவர் படம் ஆறடி; செத்தவர்களுக்கு மூலையில் ஒரு மெழுகுவத்தி. நினைவுநாள் முடிந்து பத்தொன்பதாம் தேதி அந்த ஃப்ளெக்ஸ் யார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கோ கூரையாகிவிடும். மாடாவது நனையாமல் இருக்கட்டும்.

இந்த வீரத்தில் ஒன்றுக்கு மட்டும் இடமில்லை: சாகாமல் தப்பியவர் எழுதிய புத்தகத்துக்கு.

புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி, சிறையும் புனர்வாழ்வு முகாமும் கண்டு, 2015 அக்டோபரில் புற்றுநோயில் இறந்தார். அவருடைய புத்தகம் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் வந்தது. வன்னியின் கடைசி மாதங்களையும் எழுதியிருந்தார், இயக்கத்தின் கட்டாய ஆள்சேர்ப்பையும் எழுதியிருந்தார். விடுவார்களா? அவர் எழுதியதே இல்லை, யாரோ செருகிவிட்டார்கள், விலைபோய்விட்டார் என்றார்கள். ஷெல் சத்தத்தை யூடியூப்பில் மட்டும் கேட்டவர்கள், களத்தில் நின்றவளுக்குத் துரோகிப் பட்டம் கட்டினார்கள். இயக்கம் என்றாலே முகம் சுளிக்கும் கோஷ்டிக்கோ கொண்டாட்டம். ஆள்சேர்ப்புப் பக்கங்களை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டது. இரண்டு தரப்புக்கும் சாட்சி வேண்டாம். தாங்கள் எழுதி வைத்த வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்க ஓர் ஆள் போதும்.

கொழும்புக்கு அந்தக் கைநாட்டுகூடத் தேவைப்படவில்லை. 2009 தொடக்கத்தில், போர்ப் பகுதியில் இருப்பவர்கள் 70,000 பேர்தான் என்றது. கடைசியில் உயிரோடு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே ஏறக்குறைய 2,90,000. பிறக்காதவர்களைக் கொல்ல முடியுமா? முடியாது. அதனால் பொதுமக்கள் சாவும் இல்லை! 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது 2011இல் ஐ.நா. நிபுணர் குழு. 1,46,679 பேருக்குக் கணக்கு எங்கே என்று கேட்டார் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. பதில் இல்லை. இப்படித் தலைகளையே விழுங்கும் அரசுக்கு எதிரே, எந்தப் பதுங்குகுழியில், எந்தப் பிள்ளை, எந்தக் காலையில் என்று எழுதி வைத்தவரைவிட்டால் வேறு ஆதாரம் ஏது?

நாம் மட்டும் என்ன யோக்கியம்? 2009 ஏப்ரல் 27 அன்று, காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே மெரினாவில் உண்ணாவிரதம் இருந்து போரையே நிறுத்தியவர்கள் நாம். மே 13இல் விரலில் மை வைத்துக்கொண்டோம். அடுத்த வாரத்துக்குள் அங்கே எல்லாம் முடிந்தது. பௌர்ணமிதோறும் அடிஅண்ணாமலையைத் தாண்டித்தான் கிரிவலம் போகிறோம். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ‘என்னம்மா நடந்தது?’ என்று கேட்க நின்றவர் எத்தனை பேர்? அண்ணாமலையாரிடம் கேட்க நமக்கு ஆயிரம் இருக்கிறது.

சாட்சியைத் தட்டிக்கழித்தது நாம் மட்டுமல்ல. நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட பிரிமோ லெவியின் புத்தகத்தையும் பெரிய பதிப்பகம் முதலில் திருப்பி அனுப்பியது. 1947இல் ஒரு சின்னப் பதிப்பகம் 2,500 பிரதி போட்டது. மறுத்த பதிப்பகமே 1958இல் அதை வெளியிட்டது. இத்தாலிக்குப் புத்தி வரப் பதினோரு வருஷம். முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்த பிறகு அதைவிட அதிக காலம் நமக்குக் கிடைத்துவிட்டது.

தமிழினியின் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள், பிடிக்காத பக்கங்களையும் சேர்த்து. முடியாதென்றால், ‘தொப்புள்கொடி உறவு’ என்று இனி மேடையில் வாய் திறக்காதீர்கள்.