மின்னத் தக்கனவும் மின்னத் தகாதனவும்: கல்யாண ஆல்பத்து மெட்டாலிக் தாள் குறித்து ஓர் ஆய்வு

கல்யாணம் முடிந்தும் முடியாத வழக்குகள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. பந்தியில் தீர்ந்துபோன பாயசம், பத்திரிகையில் விட்டுப்போன சித்தப்பா பெயர், மேடைக்குக் கூப்பிட மறந்த பெரியத்தை ஆகியன பற்றிப் போதிய அளவுக்கு வாய்மொழி இலக்கியம் ஏற்கெனவே விளைந்துவிட்டது. ஆனால் ஆல்பத்தில் எந்தெந்தப் படத்தை மெட்டாலிக் தாளில் போடுவது என்னும் கேள்வியைப் புலவருலகம் இன்றுவரை சீண்டவில்லை. ஆல்பம் டிசைனர் போன் செய்கிற நேரத்தில் வீட்டில் யார் சும்மா இருக்கிறாரோ, அவர் வாயிலிருந்தே பெரும்பாலும் அந்த முடிவு வந்துவிடுகிறது. "எல்லாத்தையும் மெட்டாலிக்லயே போட்டுடுங்க தம்பி, ஒரு தடவதான கல்யாணம்" என்பார் அவர். இந்த ஒரு வாக்கியத்தால் விளையும் சேதத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்வது மரபு. தமிழ்நாட்டுக் கல்யாண ஆல்பம், அதிலும் இன்று பெருவழக்காக உள்ள, விரித்தால் 12க்கு 36 அங்குலம் வரும் ஆல்பம் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. கறுப்பு அட்டையில் மூலை ஒட்டி, நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்த பழைய ஆல்பங்கள் நம் எல்லைக்கு வெளியே நிற்பவை. மேட், கிளாஸி, சில்க் ஆகிய தாள்கள் ஒப்பீட்டுக்காக மட்டும் தலைகாட்டும். கல்யாணத்துக்கு முன்பே கடற்கரையில் கலர் புகை விட்டு எடுக்கும் படங்கள் தனி ஆய்வுக்குரியவை. மனவலிமை உள்ள இளம் ஆய்வாளர் யாரேனும் முன்வந்தால் நல்லது.

இனித் தாளின் இயல்பு. பெயரைக் கேட்டதும் வீட்டுப் பெரியவர் யாராவது "இதுல வெள்ளி கிள்ளி இருக்குதாப்பா?" என்று கேட்பார். சிரிக்க வேண்டாம், கேள்வியில் நியாயம் இருக்கிறது. லேபில் கழுவி எடுக்கும் வண்ணப்படத் தாள் எதுவானாலும், மேட் ஆனாலும் மெட்டாலிக் ஆனாலும், அதன் பூச்சில் வெள்ளி உப்பு உண்டு. ஒளி பட்ட இடத்து உப்பு டெவலப்பரில் வெள்ளியாக மாறும்போது கூடவே சாயமும் உண்டாகிறது. அடுத்த தொட்டியில் இருக்கும் ப்ளீச்-ஃபிக்ஸ் கரைசல் அந்த வெள்ளி முழுவதையும் கரைத்துக்கொண்டு போய்விடும். தாளில் மிஞ்சுவது சாயம் மட்டும். கழிவுக் கரைசலிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. ஆகவே பெரியவருக்கு நாம் சொல்ல வேண்டியது: "இருந்துதுங்க, லேப்லயே நின்னுபோச்சு."

அப்படியானால் மின்னுவது எது? முத்து மினுக்கம் தரும் நிறமி. இவ்வகை மினுக்கத்துக்குப் பொதுவாகக் கையாளப்படுவது டைட்டானியம் டை ஆக்ஸைடு பூசிய மைக்காத் துகள். நகப்பூச்சிலும், கண்ணிமைப் பூச்சிலும், கார் பெயிண்டிலும் இருப்பது இதுதான். மணமகளின் இமையில் ஒருமுறை, அந்த இமையை அச்சிடும் தாளில் மறுமுறை என ஒரே சரக்குக்கு ஒரே குடும்பம் இரண்டு முறை பணம் கட்டுவதைப் பொருளியல் அறிஞர்கள் கவனிக்க வேண்டும். கோடாக்கின் எண்டுரா மெட்டாலிக், ஃபூஜியின் பேர்ல் தாள் இரண்டும் இக்குடும்பத்தில் பெயர்பெற்றவை. டிஜிட்டல் பிரஸ்ஸில் அச்சிடுவோரும் இப்போது மினுக்குத் தாள் வைத்திருக்கிறார்கள். கீழ்வரும் விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

விதியை நூற்பாவாகவே தந்துவிடுகிறோம்.

வெளுத்தது மின்னும்; கறுத்தது ஆழும்;
இடைப்பட்ட முகமோ எடுத்தவன் பொறுப்பே.

இது என் சொல்லிற்றோ எனின், மினுக்கம் சாயத்துக்கு அடியில் கிடக்கிறது என்று சொல்லிற்று. படத்தில் எங்கே வெளிச்சம் மிகுதியோ அங்கே சாயம் குறைவு. சாயம் குறைந்த இடத்தில் அடித்தாள் எட்டிப் பார்க்கும். இருண்ட இடத்தில் சாயம் கனத்து மினுக்கத்தை மூடிவிடுவதால் கறுப்பு மேலும் ஆழமாகத் தெரியும். ஆகவே படத்தில் எது வெளுப்பாக இருக்கிறதோ அதுவே மின்னும். மணமகள்தான் மின்ன வேண்டும் என்று நாம் நினைப்பது தாளுக்குத் தெரியாது.

இதை முன்னோர் அறிந்திருந்தனர். வட அமெரிக்கப் பழங்குடியினரைப் படமெடுத்த எட்வர்டு கர்ட்டிஸ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் படங்கள் சிலவற்றைக் கண்ணாடித் தகட்டில் அச்சிட்டு, அதன் முதுகில் பொன்னிறப் பொடியை வாழைப்பழ எண்ணெயில் குழைத்துப் பூசினார். வாழைப்பழ எண்ணெய் என்பது வாசனையால் வந்த பெயர். அதில் பழம் கிடையாது. 1904இல் அவர் எடுத்த, டிஷே பள்ளத்தாக்கின் பெரும்பாறைக்குக் கீழே குதிரைகள் போகும் படம் அவ்வாறு பொன்முலாம் பெற்றவற்றுள் ஒன்று. அதில் மின்னுவன பாறையும் மணலும். குதிரைக்காரர்கள் சிறு கறுப்பு உருவங்கள். யார் நெற்றியும் பளபளக்கவில்லை. நம் பக்கத்தில், இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான காலத்தில் ஆதரவு பெற்றிருந்த தஞ்சாவூர் ஓவியர்கள் இதை இன்னும் கறாராகக் கடைப்பிடித்தனர். தங்க ரேக்கு ஒட்டுவது நகைக்கும் மகுடத்துக்கும் மண்டபத்துக்கும் ஆடைக் கரைக்கும். கிருஷ்ணன் முகத்துக்கு வெறும் வண்ணம். தெய்வத்தின் முகத்தையே மின்ன விடாதவர்கள் நம் சம்பந்தியின் முகத்தை விட்டிருப்பார்களா?

நூற்பாவை இப்போது மண்டபத்துக்குள் கொண்டுபோவோம். முதற்பலி, மாமாக்கள். பெண் வீட்டு மாமாக்களும் பெரியப்பாக்களும் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் குரூப் போட்டோ இல்லாத ஆல்பம் இல்லை. அனைவரும் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இதை மெட்டாலிக்கில் போட்டால் வேட்டியும் சட்டையும் ஒருங்கே வெள்ளியாகி, வரிசை முழுவதும் எவர்சில்வர் பாத்திரக் கடை வாசலாக மாறிவிடுகிறது. நடுவில் அரக்குப் பட்டில் நிற்கும் மணப்பெண் கறுத்தது ஆழும் என்ற விதிப்படி பின்வாங்கிவிடுகிறாள். பார்ப்பவர் கண் முதலில் போவது மூன்றாவது மாமாவின் தொப்பைக்கு. அதே விதி மீசைக்கும் பொருந்தும். காலையில் அடித்த சாயம் நேரில் சந்தேகத்துக்கு இடமளித்திருக்கலாம், மெட்டாலிக்கில் அளிக்காது. திருநீறு மட்டும் இத்தாளில் எடுப்பாக இருக்கும் என்பதை நடுநிலையோடு பதிவு செய்கிறோம்.

இதற்கு நேர் எதிரிடை, பெரும்பாலோர் ஆல்பத்தில் சின்னதாக ஒரு மூலையில் தள்ளிவிடும் படம்: அம்மி மிதித்து மெட்டி போடுவது. கிட்டத்தில் போய் எடுத்திருந்தால் அதைவிட இத்தாளுக்கு ஏற்ற படம் ஆல்பத்தில் வேறு கிடையாது. கருங்கல் அம்மி, மேலே தண்ணீர் பட்ட ஈரம், மஞ்சள் பூசிய பாதம், மருதாணிச் சிவப்பேறிய விரல்கள், இரண்டாம் விரலில் ஏறும் வெள்ளி மெட்டி, பக்கத்தில் பட்டுப்புடவையின் சரிகைக் கரை. கல் கிணறாக ஆழும், மஞ்சளும் மருதாணியும் செறியும், மெட்டியும் சரிகையும் ஈரத்தின் விளிம்பும் மின்னும். மின்ன வேண்டியது மட்டும் மின்னுகிறது. காஞ்சிபுரத்து அசல் சரிகையே பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றி மேலே தங்க முலாம் ஏற்றியதுதான், எனவே தாள் அங்கே பொய் சொல்லவும் இல்லை. இத்தகைய படத்தைத் தபால்தலை அளவில் சுருக்கிவிட்டு, அதே ஷீட்டின் நடுவில் மணமக்கள் கைகளால் இதயம் செய்வதைப் பெரிதாக்கும் டிசைனர்களை என்ன செய்யலாம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமது கருத்து அச்சிடத் தக்கதன்று.

அடுத்து, ஆய்வின் தர்மசங்கடமான கண்டுபிடிப்பு. ஒரு கல்யாணத்தில் விட்டுவிடவே முடியாத படம் தாலி கட்டுவது. இத்தாளுக்குச் சற்றும் ஒத்துவராத படமும் அதுவே. ஹோமப் புகை, அதைக் கிழிக்கும் வீடியோ லைட், பறக்கும் அட்சதை, சுற்றிக் குனிந்த பத்துப் பதினைந்து முதுகுகள், அவற்றில் பாதி வெள்ளைச் சட்டை. எங்கும் வெளிறிய சாம்பல். மெட்டாலிக்கில் போட்டால் புகையும் சட்டையும் சேர்ந்து பளபளத்து, தாலி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மாறாக, மாலை வரவேற்பில் இருண்ட மண்டபம், எல்.ஈ.டி. விளக்கு, கல் பதித்த லெஹங்கா, மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு எல்லாம் இத்தாளுக்காகவே ஏற்பாடு செய்தது மாதிரி அமைந்துவிடும். சுருங்கச் சொன்னால் மெட்டாலிக் தாள் வரவேற்புக் கட்சி. முகூர்த்தத்துக்கு அது எதிர்க்கட்சி. "முக்கியமான படம் ஆச்சே, நல்ல பேப்பர்ல போடுங்க" என்று அம்மாக்கள் கேட்பது நியாயமான கோரிக்கைதான். அந்தப் படத்துக்கு நல்ல பேப்பர் மேட் அல்லது சில்க் என்று பணிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும். பணிவோடு என்ற சொல்லை அடிக்கோடிடுக.

முகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளாஷ் பட்டு வெளுத்த நெற்றி, கண்ணாடி போட்ட பெரியவர்களின் வில்லைகள், தலையில் வெளிச்சம் தங்க இடமளித்தவர்கள் எல்லோரும் மேட் தாளின் பாதுகாப்பில் இருப்பதே மரியாதை. விதிவிலக்கு, எண்பதாம் கல்யாணம். நரைத்த தலைக்கும் கோடு விழுந்த முகத்துக்கும் பின்னால் இருட்டான திரையும் இருந்துவிட்டால், அந்தத் தம்பதிக்கு இந்தத் தாள் செய்யும் மரியாதையை வேறெந்தத் தாளும் செய்யாது. கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தாவின் கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ படமும் இலக்கணப்படி முதல் தகுதி பெற்றதே. ஆனால் அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு எதிரே ட்யூப் லைட் எரிய விட்டால், கண்ணாடியின் பளபளப்பு தாளின் பளபளப்பை விழுங்கிவிடும், தாத்தாவும் தெரியமாட்டார்.

பார்க்கும் சூழலை ஆராயாமல் எந்த முடிவும் முழுமையாகாது. ஆல்பத்தை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. சோபாவில் மூவர்: நடுவில் மடியில் வைத்திருப்பவர், இடமும் வலமும் எட்டிப் பார்ப்பவர்கள். மினுக்கம் பார்க்கும் கோணத்தைப் பொறுத்து மாறுவது. 36 அங்குல ஷீட்டில் நடுவில் இருப்பவருக்கு மணமகள் தெரிவாள், இடப்பக்கத்து அத்தைக்கு ட்யூப் லைட் தெரியும், வலப்பக்கத்துப் பக்கத்து வீட்டம்மாவுக்கு அவருடைய நிழலே தெரியக்கூடும். உடனே மூவரும் ஆல்பத்தைத் தத்தம் பக்கம் சாய்ப்பார்கள். இது புதிய துன்பமன்று. 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட டாகரோடைப், வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் பதிந்த படம். அதையும் இப்படிச் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். கோணம் தவறினால் படம் நெகட்டிவாகத் தெரியும். உள்ளங்கைக்குள் அடங்கிய அந்தத் தகடுகளைச் சாய்ப்பது சுலபம். நம் கல்யாண ஆல்பத்தைச் சாய்த்தால் காபி டம்ளர் கவிழும். முறுக்கு தின்ற கையின் ரேகை இத்தாளில் எவ்வளவு தெளிவாகப் பதியும் என்பதைக் காவல்துறை ஆராயட்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "நாலே ஷீட் மட்டும் மெட்டாலிக், மிச்சமெல்லாம் மேட்டுன்னா, காசுக்குப் பார்த்தாங்கன்னு சம்பந்தி வீட்ல நினைக்க மாட்டாங்களா?" நினைக்கலாம். அதற்கு நாம் தரும் விடை: எல்லா ஷீட்டும் மின்னினால் எதுவும் மின்னாது, ஆனால் பில் மட்டும் மின்னும். மேலும், பளபளப்பு வேண்டுமென்று மெட்டாலிக் தாளுக்குக் கூடுதல் பணம் கட்டிவிட்டு, கீறல் விழாமலிருக்க மேலே மேட் லேமினேஷன் போட்டு அந்தப் பளபளப்பை மழுக்கிக்கொள்வோரும் இருக்கிறார்கள். இவர்கள் சம்பந்தி வீட்டார் நினைப்பதைப் பற்றிக் கவலைப்படும் கட்டத்தைத் தாண்டியவர்கள்.

ஆக, செலக்‌ஷனுக்காகக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கை இன்னும் பீரோவிலேயே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மி, நகை, சரிகை, குத்துவிளக்கு, இரவு வரவேற்பு இவற்றிலிருந்து நாலைந்து படங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் அவற்றுள் ஒன்றை மட்டும் சின்ன அளவில் மெட்டாலிக்கில் போட்டுத் தரச் சொல்லி, ஜன்னலோரத்தில் ஒருமுறை, உங்கள் வீட்டு ட்யூப் லைட்டுக்குக் கீழே ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். டிசைனர் போன் செய்யும்போது எடுத்துப் பேச வேண்டியவர் யார் என்பதையும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.