அன்னாசி செய்த உபகாரம்

சமையற்கட்டு என்னும் ராஜ்யத்தில் எனக்குள்ள அதிகாரம், சம்ஸ்தானங்களில் ஓய்வுபெற்ற திவான்களுக்கு இருந்த அதிகாரத்தைப் போன்றது. யோசனை சொல்லலாம், அதை யாரும் கேட்டாக வேண்டும் என்கிற நிர்ப்பந்தம் கிடையாது. முப்பத்தெட்டு வருஷ இல்லறத்தில் அங்கே நான் சுயேச்சையாகச் செய்துவந்த காரியங்கள் இரண்டே இரண்டுதான்: ஒன்று, காஸ் சிலிண்டர் மாற்றுவது, மற்றொன்று, முக்காலியின்மேல் ஏறி மேல் தட்டிலிருக்கும் ஊறுகாய் ஜாடியை இறக்கிக் கொடுப்பது. சென்ற பங்குனியில் அந்த முக்காலியின் கால் ஒன்று குழியை விட்டுக் கழன்று கையோடு வந்துவிட்டபடியால், இரண்டாவது உத்தியோகமும் பறிபோயிற்று. ஆசாரியைக் கூட்டி வந்து அதைச் சரிசெய்யும்படி என் மனைவி இட்ட கட்டளை, அரசாங்கக் கச்சேரிகளில் நான் பழகிய முறைப்படியே, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட நான் ஜெல்லி செய்யப் புறப்பட்டதற்குக் காரணம் என் பேத்தி. வயது ஏழு, வாசம் பெங்களூரு. அக்கினி நட்சத்திரம் பிறக்கிற சமயமாகப் பார்த்து மதுரைக்கு வந்து சேரும் அந்தக் குழந்தையின் கடைவாய்ப் பற்களில் இரண்டைப் பல் வைத்தியர் சிமெண்டு பூசி அடைத்திருப்பதாகவும், ஆகையால் கடைத் தின்பண்டம் எதுவும் வாங்கித் தரக் கூடாதென்றும் என் மகள் முன்கூட்டியே உத்தரவு அனுப்பியிருந்தாள். குழந்தையோ வந்து இறங்கிய மறுகணமே, “தாத்தா, ஜெல்லி வாங்கித் தா” என்றது. தெருமுனைக் கடையில் விற்கிற அந்த வர்ணக் கட்டிகளின் உறையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சர்க்கரை, மறுபடியும் வேறு பெயரில் சர்க்கரை, அப்புறம் சிறைக் கைதிகளைப்போல் 102, 110, 122 என்று எண் குத்தப்பட்ட சாயங்கள். பழம் என்னும் வஸ்து படத்தில் மாத்திரமே காணப்பட்டது. “இதென்ன பிரமாதம்? நிஜமான பழரசத்தில், சாயமில்லாமல், தேகத்துக்கு நன்மை தரும்படியாக நானே செய்து தருகிறேன்” என்று சபதம் செய்துவிட்டேன். விவேகிகள் சபதம் செய்வதில்லை. செய்தாலும் மனைவி காதில் விழும்படி செய்வதில்லை.

கேக் செய்வோருக்கான சாமான்கள் விற்கிற கடையில் ஜெலட்டின் என்று கேட்டு ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். மணல் மணலாக, வெளிர்மஞ்சள் நிறத்தில், பார்வைக்கு ரவையின் தூரத்து உறவுபோல் இருந்தது. “இது அநேகமாக முழுவதும் புரதம், குழந்தைக்கு ரொம்ப நல்லது” என்று பிரசங்கம் செய்தேன். “பருப்பில் இல்லாத புரதமா இதில் வந்துவிட்டது?” என்று கேட்டுவிட்டு என் மனைவி வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: பாரீஸ் நகரத்தில் ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் ஜெலட்டின் கஞ்சியே போதுமென்று பெரியவர்கள் சிலர் சொல்லப்போக, மாஜாந்தி என்னும் மேதையின் தலைமையில் கூடிய சபை நாய்களுக்கு அதைக் கொடுத்துப் பரீட்சை செய்து, அதை மட்டும் தின்று ஜீவிக்க முடியாதென்று 1841ஆம் வருஷம் தீர்ப்புக் கூறியதாம். உடம்புக்கு அத்தியாவசியமான டிரிப்டோபான் என்கிற சத்து அதில் அறவே கிடையாது. பாரீஸ் சபைக்குப் பத்து வருஷம் பிடித்த அந்தத் தீர்ப்பை என் மனைவி கத்தியைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டாள்.

முதல் பிரயோகம் பன்னீர் திராட்சையில். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை அரைக் கிலோவை மசித்து வடிகட்டி இரண்டு டம்ளர் ரசம் எடுத்தேன். ஒரு சிறு கிண்ணத்துக் குளிர்ந்த நீரில் ஜெலட்டினைத் தூவிப் பத்து நிமிஷம் காத்திருந்தால், அது தண்ணீரையெல்லாம் உறிஞ்சி, நனைந்த ஜவ்வரிசிபோல் ஊதிக்கொள்கிறது. அந்தப் பொறுமை இல்லாமல் நேரே சூட்டில் கொட்டுகிறவனுக்குக் கட்டி கட்டியாகத்தான் கிடைக்கும். ஊறியதைப் பால் காய்ச்சும் பாத்திரத்திலிட்டு, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் கரைத்தேன். அப்பொழுது ஒரு வாசனை எழுந்தது. நாற்றம் என்று சொல்லிவிட முடியாது. எங்கேயோ, எப்பொழுதோ, சிறு பிராயத்தில் எனக்கு நன்றாய்ப் பரிச்சயமான வாசனை. என்ன யோசித்தும் இடம் பிடிபடவில்லை. திராட்சை ரசத்தை அதில் சேர்த்ததும் வாசனை அடங்கிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். அச்சுக்கு என்ன செய்வதென்று தேடியபோது கண்ணில் பட்டது, திருநெல்வேலி மாமியார் சீராகக் கொடுத்த இண்டாலியம் பணியாரச் சட்டி. ஏழு குழிகளிலும் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.

நான்கு மணி நேரங்கழித்து, சட்டியின் அடிப்பாகத்தை வெந்நீரில் ஒரு கணம் காட்டிக் கவிழ்த்தபோது, ஏழு நீலமணிப் பணியாரங்கள் தட்டில் விழுந்து, நாட்டியத்துக்கு முன் சலங்கையைச் சரிபார்ப்பவள்போல் மெல்லக் குலுங்கி நின்றன. பேத்தி கை தட்டினாள். அந்த வெற்றியை எதிர் வீட்டுக்கும் காட்டலாமென்று தட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். மதுரையில் சித்திரை மாதத்துப் பகல் மூன்று மணி எப்படியிருக்குமென்று நான் சொல்லத் தேவையில்லை. கூடத்தைக் கடக்கையில் பணியாரங்கள் வியர்த்தன. ரேழியில் தோள் சரிந்தன. வாசற்படியில் என் கையில் இருந்தது திராட்சைக் குழம்பு. மனிதனுடைய உடற்சூட்டுக்கும் குறைவான சூட்டிலேயே ஜெலட்டின் இளகிவிடும். நாவில் பட்டதும் கரைகிற அதன் பெருமைக்கு அதுவே காரணம், நம் ஊரில் அதன் சிறுமைக்கும் அதுவே காரணம். அன்றுமுதல் பேத்தி ஜெல்லியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே தலையை நீட்டித் தின்றாள். நானும் பக்கத்தில் நின்று தின்றேன். என் மனைவி தின்னவில்லை; அவளுக்குப் பல் கூச்சம். அந்தப் பல் கூச்சத்துக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இரண்டாவது வாரம் அன்னாசி. தோல் சீவி, கண் நோண்டி, பச்சையாக அரைத்து, சர்வ ஜாக்கிரதையாக முன்போலவே செய்து வைத்தேன். இரவு கழிந்து பார்த்தால் தண்ணீர். அளவு குறைந்துவிட்டதென்று எண்ணி, மறுநாள் ஜெலட்டினை இரட்டிப்பாக்கினேன், தண்ணீர். மூன்றாம் நாள் மும்மடங்கு. அதே தண்ணீர், முன்னைவிடச் சற்று ஆணவத்தோடு. நான்காம் நாள் சட்டியும் கையுமாக நான் பிரமை பிடித்து நிற்கையில், கறிவேப்பிலை கேட்க எதிர் வீட்டு ராவுத்தர் வீட்டம்மாள் வந்தார்.

“அன்னாசியைப் பச்சையாவா போட்டீங்க, அண்ணே?”

“ஆமாம்மா.”

“அப்ப எப்படிக் கட்டும்? அன்னாசியும் பப்பாளிக்காயும் கறியை இளக்குற சாமானுல்ல? முத்துன ஆட்டுக்கறி வந்துட்டா எங்க வீட்டுல பப்பாளிக்காயைத்தான் அரைச்சுத் தடவி வைப்போம். பஞ்சாப் போயிரும்.”

அவர் சொன்னது சாஸ்திரப்படி முழு உண்மை. அன்னாசியில் புரொமிலைன், பப்பாளியில் பாப்பைன் என்று புரதத்தைத் துண்டாடுகிற நொதிகள் இருக்கின்றன. அன்னாசி தின்றால் நாக்கு அரிப்பெடுப்பதில்கூட அதற்குப் பங்குண்டு, நாம் அதைத் தின்கிற வேளையில் அது நம்மைக் கொஞ்சம் தின்றுபார்க்கிறது. பழத்தைச் சற்று நேரம் கொதிக்க வைத்திருந்தால் அந்த நொதி செத்திருக்கும்; ஜெல்லியும் கட்டியிருக்கும். இதெல்லாம் இப்பொழுது எனக்குத் தெரியும். அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் மனைவி கறிவேப்பிலை ஆய்வதை நிறுத்திவிட்டாள் என்பதுதான்.

“அது கறியை இளக்கும், சரி மதினி. இதுல கறி எங்கேருந்து வந்துச்சு?”

குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. ராவுத்தர் வீட்டம்மாள் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். என் மனைவி அலமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். மூலையில் ஒரு சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். கம்பெனியின் முத்திரை என்று நான் நினைத்திருந்த அந்த முக்கோணம் அசைவத்துக்கு அரசாங்கம் இட்ட அடையாளம் என்பது, மளிகை வாங்கி அறியாத எனக்குத் தெரியாமற்போனாலும், திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்தவளுக்குத் தெரியாமற்போகுமா?

அந்த நொடியில்தான் வாசனை நினைவுக்கு வந்தது. வச்சிரம்! எங்கள் ஊர் ஆசாரி, இழைப்புளிச் சுருள்களைக் கொளுத்தி, தண்ணீர் நிறைந்த டப்பாவுக்குள் இன்னொரு டப்பாவை நிறுத்தி, பழுப்புக் கட்டிகளைப் போட்டுக் குச்சியால் கிளறுவார். கதவு, கட்டில், பல்லக்கு எல்லாவற்றையும் ஒட்டவைத்தது அந்தப் பசைதான். மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது வச்சிரம்; அதையே சுத்தம் செய்து, நிறம் நீக்கி, பொட்டலத்தில் கட்டினால் ஜெலட்டின். தம்பி பட்டணம் போய்ப் படித்துப் பெயரை மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

நான் எதிர்வாதம் செய்யாமலில்லை. “இதோ பார், கேப்சூல் மாத்திரையின் மேலுறை பெரும்பாலும் இதுதான். பழைய சினிமாச் சுருளில் வெள்ளி உப்பைப் பிடித்துவைத்திருந்ததும் இதுதான். நீயும் உன் அம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்தீர்களே பக்திப் படங்கள், அத்தனை தெய்வங்களும் ஜெலட்டின் பூச்சின்மேல்தான் பிரசன்னமானார்கள்” என்றேன்.

“பார்த்தோம். தின்னலையே” என்றாள்.

அப்புறம் நடந்த பிராயச்சித்தங்களை விஸ்தரிப்பானேன்? பால் பாத்திரம் கொல்லைப்புறத்துக்கு நாடு கடத்தப்பட்டது. பணியாரச் சட்டி மஞ்சள் நீரில் மூன்று முறை முழுகியும் அடுப்பேற அனுமதி பெறவில்லை. பேத்தி அழத் தயாரானாள். அந்தத் தருணத்தில் ராவுத்தர் வீட்டம்மாள், “கடல்பாசி இருக்கையில இதெல்லாம் எதுக்கு மதினி?” என்று சொல்லிவிட்டுப் போய், வெள்ளை நூல்கண்டுபோன்ற ஒரு கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

கடல்பாசி! நோன்பு மாதத்தில் வருஷந்தோறும் அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்கு வருகிற தட்டில், ரோஜா நிறமும் பால் நிறமுமாய் அடுக்கு வைத்து, வைரம் வைரமாய் வெட்டி இருக்குமே, அதேதான். என் மனைவி பல் கூச்சத்தையும் மறந்து உண்கிற பண்டம். ராமேசுவரம், மண்டபம் கடலோரத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முழுகிப் பாறையிலிருந்து பறித்துவருகிற பாசியிலிருந்து, நான் குடியிருக்கும் இதே மதுரையிலுள்ள ஆலைகளில் அதைத் தயாரிக்கிறார்கள். நானோ அதை விட்டுவிட்டு வச்சிரத்தைத் தேடிப் போனவன்.

அன்று சாயங்காலம் நான் முக்காலியில்லாத மூலையில் நின்று வேடிக்கை பார்த்தேன். நூல்களை நறுக்கி ஊறவைத்து, தண்ணீரில் கொதிக்கக் கொதிக்கக் கரைத்தார்கள்; ஜெலட்டினுக்கு ஆகாத கொதி இதற்கு அவசியம். சர்க்கரை கொஞ்சம். இறக்கிய பிறகு இளநீரையும் வழுக்கையையும் சேர்த்துத் தாம்பாளத்தில் ஊற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் பக்கம்கூட அது போகவில்லை. அரை மணியில் கண்ணாடிபோல் கட்டிவிட்டது. ஒரு முறை கட்டிவிட்டால், அதை மறுபடி இளக்க எண்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு வெயில் மதுரையில்கூடக் கிடையாது. பேத்தி பிடிவாதம் பிடித்ததால் மறுநாள் பச்சை அன்னாசித் துண்டுகளையும் போட்டுப் பார்த்தோம். பாசியில் இருப்பது புரதமன்று. அன்னாசி தன் கைவரிசையைக் காட்ட இடமில்லாமல் உள்ளே அடங்கிக் கிடந்தது.

என் அவமானத்துக்கு ஓர் ஆறுதல் உண்டு. ஜெர்மனியில் டாக்டர் ராபர்ட் கோக்கின் ஆராய்ச்சிசாலையில் கிருமிகளை ஜெலட்டின்மேல் வளர்த்து வந்தார்கள். கோடையில் அது இளகிற்று. சில கிருமிகள் அன்னாசியைப் போலவே அதைக் கரைத்துக் குடித்தன. என் பணியாரச் சட்டிக்கு நேர்ந்த இரண்டு விபத்துகளும் அந்த மேதைகளுக்கும் நேர்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி 1881இல், “எங்கள் வீட்டு ஜெல்லி வெயிலில் இளகுவதில்லையே, அதைப் போட்டுப் பாருங்கள்” என்கிற கருத்தில் அகர் அகர் என்னும் நம் கடல்பாசியைச் சுட்டிக் காட்டினாராம். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த அண்டை வீட்டார் சொல்லித் தந்த பக்குவம் அது. இன்றுவரை உலகத்துச் சோதனைச்சாலைகளில் கிருமிகள் அதன்மேல்தான் வளர்கின்றன. 1882இல் கோக் எழுதிய காசநோய்க் கட்டுரையில் அகரைப் பற்றி ஒரு வரி உண்டு. ஃபானி அம்மாளைப் பற்றி அதுவும் கிடையாது. இந்தச் சரித்திரத்தை நான் ஆர்வத்தோடு வாசித்துக் காட்டியபோது, என் மனைவி கடைசி வாக்கியத்தை மாத்திரம் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

மிச்சமிருந்த ஜெலட்டினைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. விலை கொடுத்து வாங்கியதல்லவா? என்னை நம்பாமல் தானே ஆசாரிக்குத் தொலைபேசியில் சொல்லி வரவழைத்தாள். பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்த அந்தக் கிழவர், “அடடே, நல்ல வச்சிரம் மாதிரி இருக்கே! இப்பல்லாம் யாரு தாயி இதைக் கண்ணுல காட்டுறா?” என்று முகம் மலர்ந்தார். கொல்லையில் கிடந்த பால் பாத்திரத்திலேயே அதை ஊறவைத்து, சூடு காட்டி, கெட்டியாய்க் குழைத்து, முக்காலியின் காலைக் குழியில் இறக்கிக் கயிற்றால் இறுக்கி ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டுப் போனார்.

முக்காலி இப்பொழுது இம்மியும் ஆடுவதில்லை. பேத்தி ஊருக்குப் போகிறவரையில் அதன்மேல் உட்கார்ந்துதான் கடல்பாசி தின்றாள். என் மனைவி மட்டும் அதை விரல் நுனியால்கூடத் தொடுவதில்லை. ஆகவே மேல் தட்டு ஊறுகாய் ஜாடியை இறக்கிக் கொடுக்கும் உத்தியோகம் எனக்கு மறுபடியும், இந்தத் தடவை ஆயுட்காலத்துக்கு, கிடைத்திருக்கிறது.