சவுக்காரச் சக்கரவர்த்தி

லிஃப்டில் ஏறினால் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பது நம் வழக்கம். இவர் காலரைப் பார்ப்பார். "என்ன பவுடர் சார் போடறீங்க?" நீங்கள் எந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னாலும் ஒரு "ம்ச்" வரும், துக்க வீட்டில் கேட்கிற அதே "ம்ச்". மூன்றாவது மாடி வருவதற்குள் உங்கள் கழுத்தில் அரிப்பு உண்டா, வீட்டில் அம்மாவுக்கு விரல் இடுக்கில் வெடிப்பு உண்டா என்று விசாரித்துவிடுவார். உண்டு என்றால் அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். இல்லை என்றால், "வரும், பாருங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

மறுநாள் காலை உங்கள் வீட்டில் காலிங் பெல் அடிக்கும். வாசலில் அவர். கையில் பழைய பேப்பரில் சுற்றிய கட்டி ஒன்று. பழுப்பா வெள்ளையா என்று சத்தியம் செய்ய முடியாத நிறம். ஒரு மூலை உடைந்திருக்கும். அடியில் தயிர் டப்பாவின் வளையம் பதிந்திருக்கும். "நம்ம வீட்டுத் தயாரிப்பு சார். கெமிக்கலே கிடையாது."

நான் சொல்வது சோப்பு செய்து விற்றுப் பிழைக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களை அல்ல. அவர்கள் அளவு தெரிந்து செய்கிறவர்கள், நாலு காசும் பார்க்கிறவர்கள். இவர் வேறு. வங்கியிலோ மின்வாரியத்திலோ முப்பது வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற கை. ஓய்வுக்குப் பிறகு முதலில் மாடித் தோட்டம் போட்டார். கத்திரியில் மாவுப்பூச்சி விழுந்ததும் சிறுதானியத்துக்குத் தாவினார். வரகரிசிப் பொங்கலை வீட்டில் ஒருவரும் தொடாததால் செக்கு எண்ணெய். அந்த எண்ணெய் வாங்கப் போன இடத்தில்தான் யாரோ ஒரு புண்ணியவான், இதில் துணி சோப்பும் செய்யலாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அந்த வீட்டுச் சமையலறைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

கெமிக்கலே இல்லாத சோப்பைச் செய்ய அவர் பூணும் கோலத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முழங்கை வரை ரப்பர் கையுறை. மூக்கில் கொரோனாக் காலத்து முகக்கவசம். கண்ணுக்குப் பேரனின் நீச்சல் கண்ணாடி. பாரிமுனைப் பக்கம் போய் வாங்கிவந்த காஸ்டிக் சோடா வெள்ளைச் செதில்களாக பால்கனி டப்பாவில் இருக்கும். மூடியின் மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் "தொடாதே". அதை ஒட்டியே கோலமாவு டப்பா. அதன்மேல் ஒன்றும் எழுதியிருக்காது. "இவ்வளவு பயங்கரமான சாமான் கெமிக்கல் இல்லையாங்க?" என்று அவர் மனைவி ஒருமுறை கேட்டார். "அது சோப்புல தங்காது. உனக்குச் சொன்னா புரியாது" என்று பதில் வந்தது. சோப்பில் தங்காது என்பது உண்மைதான், அளந்து போட்டிருந்தால்.

கேலியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துச் சொல்கிறேன், செய்முறை அழகானது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா சுமார் 180 கிராம், தண்ணீர் 350 மில்லி. சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீரைக் கொண்டுபோய் சோடாவின் தலையில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தக் கரைசல் 80, 90 டிகிரிக்குச் சூடேறும். எவர்சில்வர் பாத்திரமாக இருக்க வேண்டும். அலுமினியக் குண்டானில் கரைத்தால் அழுக்குக்கு முன்னால் குண்டான் கரையும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கல்யாணச் சீரில் வந்த அலுமினியக் குண்டான் ஒன்று அந்த வீட்டில் இப்போது அடி பொத்தலாகி, துளசிக்குத் தொட்டியாக இருக்கிறது. கரைசல் ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, இட்லி மாவுப் பதம் வரும்வரை கடைய வேண்டும். மத்தால் கடைந்தால் கை ஓய்ந்துபோகும். ஹேண்ட் பிளெண்டர் என்றால் சில நிமிஷ வேலை. அது யார் வீட்டில் எதற்காக வாங்கிய பிளெண்டர் என்ற கேள்வி அப்போது யாருக்கும் எழுவதில்லை.

எண்ணெயும் காரமும் சேர்ந்து, இரண்டுமில்லாத மூன்றாவது ஒன்றாக மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கிறபோது ஒரு மனிதனுக்குக் கர்வம் வருவது நியாயம். கொழுப்புக்குள் என்ன நடக்கிறது என்று பிரெஞ்சுக்காரர் செவ்ரேல் விளக்கிப் புத்தகம் போட்டது 1823இல். அவர் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். நம்மவர் அதையும் சோப்புக் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறார்.

கர்வம் வந்த கையோடு அவர் கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவார். அங்கேதான் காரியம் கெடுகிறது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு சில மணி நேரத்தில் இறுகிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வில்லை போட வேண்டும். இரவு விட்டுவிட்டால் காலையில் கத்தி இறங்காது, சிதறும். உங்களுக்கு வந்த கட்டியின் மூலை ஏன் உடைந்திருந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். இந்தியா அன்று சேஸ் செய்துகொண்டிருந்தது.

அப்புறம் கணக்கு. கடைச் சோப்பில் கம்பெனிக்காரன் நம்மைக் கொள்ளையடிக்கிறான் என்பது இவருடைய அடிப்படைக் கொள்கை. 2025இல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. ஒரு கிலோ எண்ணெயில் காய்ந்த சோப்பு ஒன்றேகால் கிலோ சொச்சம் தேறும். கடையில் துணி சோப்பு விற்கும் விலையை அதன் பக்கத்தில் எழுதினால் கொள்ளை எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கை மட்டும் முப்பது வருஷம் பேரேடு பார்த்த அந்தக் கை எழுதாது. எண்ணெயை மாற்றும். தேங்காய் எண்ணெய்க்குப் பதில் பாமாயில்.

அளவை மாற்றாது. ஒவ்வோர் எண்ணெய்க்கும் காரம் குடிக்கும் அளவு ஒன்று உண்டு. பாமாயில் கிலோவுக்கு 140 கிராம் சொச்சம்தான் ஏற்கும், விளக்கெண்ணெய் அதைவிடக் குறைவு. பாமாயிலில் 180ஐக் கொட்டினால் மிச்சம் 40 கிராம் காரம் போக்கிடமின்றிக் கட்டிக்குள்ளேயே காத்திருக்கும். அதை முதலில் சந்தித்தவர் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. "கை எரியுதுங்க சார்" என்றார். "எரியறது கை இல்லம்மா, அழுக்கு" என்றார் நம்மவர். அக்கா மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. வந்தபோது, சோப்பை மாற்றினால்தான் துணியைத் தொடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

சோப்பின் அடுத்த எதிரி தண்ணீர். இவருடைய மைத்துனர் கோயம்புத்தூரில் இருக்கிறார். அதே அளவில், அதே முறையில் அவர் செய்த சோப்பு சிறுவாணித் தண்ணீரில் நுரைத்துத் தள்ளியது. மேடவாக்கத்துப் போர் தண்ணீரில் இவர் சோப்பு திரிந்த பாலாகி, வாளி ஓரத்தில் சாம்பல் நிற ஆடையாக ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடும். டிடர்ஜென்ட் தூள் அதற்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது என்பதால்தான் அது உலகத்தைப் பிடித்தது. கசடைப் பார்த்த நம்மவர் சொன்னது: "பார்த்தீங்களா, எவ்வளவு அழுக்கு வெளியே வந்திருக்கு!" இதற்கு மருந்து உண்டு. சலவைச் சோடாவை முதலில் தண்ணீரில் கலக்கினால் கால்சியத்தை அது இறக்கிவிடும். மருமகள் இதை எடுத்துச் சொன்னதும் ஒப்புக்கொண்டு கடைக்குப் போனார். வாங்கிவந்தது ஆப்பச் சோடா. ஒரு பாக்கெட் அல்ல, ஒரு பை. மிச்சத்தை வீணாக்கக் கூடாதென்று அதில் வினிகரை ஊற்றி "இயற்கை லிக்விட்" தயாரித்தார். புஸ்ஸென்று பொங்கியது, வீடே கூடி நின்று பார்த்தது. பொங்கியது கரியமிலவாயு. அது போன பிறகு வாளியில் இருந்தது சோடியம் அசிடேட் கரைந்த வெறும் தண்ணீர், துணிக்கு நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது.

பிறகு பழத்தோல் என்சைம் வந்தது. வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். ஜூஸ் கடைக்காரர் இவரைக் கண்டதும் கேட்காமலே சாத்துக்குடித் தோல் மூட்டையை எடுத்து நீட்டும் நிலை. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். பேத்தி கல்யாணத்துக்காக ஒரு வாரம் திருச்சி போனவர்கள் திரும்பிவந்தபோது பாட்டில் வெடித்து, ஸ்டோர் ரூம் சுவர் முழுக்கச் சாத்துக்குடி. அதைப் பற்றி அந்த வீட்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

இவர் தொட்டவற்றில் உருப்படியானது பூந்திக்கொட்டைதான். ராத்திரி ஊறப்போட்டு, கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டினால் பட்டுக்கும் கம்பளிக்கும் அதைப்போல மென்மையான சரக்கு இல்லை. நகைக்கடைக்காரர்களும் தங்கத்தைக் கழுவ இதைத்தான் காலங்காலமாக வைத்திருந்தார்கள். செலவும் இல்லை, கை எரிவதும் இல்லை. அதனாலேயே அவருக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. நீச்சல் கண்ணாடி போட வாய்ப்பில்லாத வேலை அது.

அவருடைய பிரசங்கத்துக்கு வருவோம். சோப்பை வாங்கிக்கொண்டால் இதையும் வாங்கிக்கொள்ள வேண்டும், தனியாகக் கிடைக்காது. "1888இல்தான் சார் சன்லைட் கப்பல்ல வந்து கல்கத்தாவுல இறங்கிச்சு. அதுக்கு முன்னாடி நம்ம ஜனங்க அழுக்காவா திரிஞ்சாங்க? எங்க தாத்தா வேட்டி தும்பைப்பூவா இருக்கும்." இருந்திருக்கும். தாத்தா வேட்டியை வெளுத்தது தாத்தா அல்லவே. உவர்மண்ணைச் சுமந்துவந்து கரைத்து, துணியை நனைத்து, விடிய விடிய வெள்ளாவி வைத்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லில் அடித்தவர்கள் வேறு ஆட்கள். வாசல் தாண்டி உள்ளே வர விடாமல், கூலிக்குப் பதில் மீந்த சோற்றைப் போட்டு அனுப்பிய ஆட்கள். அந்தப் பொற்காலத்தில் தாத்தாவின் பங்கு, வேட்டியைக் கட்டிக்கொண்டது.

பிரசங்கத்தின் உச்சக்கட்டம் எப்போதும் கர்சன்பாய் படேல். 1969இல் அகமதாபாத்தில் வீட்டுக் கொல்லையில் தூள் கலந்து, சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாக விற்று, நிர்மாவை எழுப்பியவர். "பெரிய கம்பெனியையே ஆட்டி வெச்சான் சார் ஒத்தை ஆளு!" கதை உண்மைதான். 1959இலிருந்து சர்ஃப் ஆண்ட சந்தையை அவர் கலக்கினார். ஆனால் படேல் அரசு வேலையில் இருந்த வேதியியல்காரர். விற்றது எண்ணெய்ச் சோப்பு அல்ல, அசல் டிடர்ஜென்ட். எந்தப் பொருளை ஒழிக்க நம்மவர் புறப்பட்டாரோ அதை ஏழை வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்தான் இவருடைய குலதெய்வம். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. நல்ல மனிதர்.

உண்மையிலேயே நல்ல மனிதர். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். பரிசாக ஒரு டஜன் சோப்பும் கொண்டுவருவார், அவ்வளவுதான்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு விஷயம் பாக்கி. அவர் சட்டை பளிச்சென்றுதான் இருக்கிறது. லிஃப்டில் காலரைத் தூக்கிக் காட்டுகிறார், "பாருங்க சார், எந்தக் கெமிக்கலாவது இந்த வெள்ளையைத் தருமா?" ஒருநாள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் என் மனைவி இதைக் கேட்டாள். அந்த அம்மா படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "துவரம்பருப்பு டப்பாவுல பவுடர் வெச்சிருக்கேன்மா. அவர் சமையல்கட்டுப் பக்கம் சோப்பு காய்ச்சத்தான் வருவார், சமைக்க வரமாட்டாரே. அவர் கட்டியை ஒரு தேய்ப்பு தேய்ச்சு, மெஷின்ல பவுடரைப் போட்டுடுவேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி." அந்தத் தூளில் வெளுப்பூட்டிச் சாயம் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தரும். அதனால்தான் வெள்ளை, வெள்ளையைவிட வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய்ச் சோப்பில் அது கிடையாது. லிஃப்டு டியூப் லைட்டில் அந்தக் காலர் லேசான நீலம் பாய்ந்து மின்னுவதைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம்தான்.

இத்தனை வருஷத்தில் அவர் சோப்பு காய்ச்சியிருக்கிறார், வெட்டியிருக்கிறார், உலர்த்தியிருக்கிறார், ஊருக்கெல்லாம் வழங்கியிருக்கிறார். ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்ததாகத் தகவல் இல்லை.

உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். கட்டி கொடுத்தால் மறுக்காதீர்கள். ஒரு மாதம் காயவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்பு மேடை தேய்க்க எடுத்துக்கொள்ளுங்கள், கையுறையோடு. பட்டுப்புடவையின் பக்கம் கொண்டுபோக வேண்டாம், காரம் பட்டை அரித்துவிடும். எதிரில் பார்த்தால், "நுரை பிரமாதம் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். எப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.